டான் மாட்டிங்லிக்கு நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘பேஸ்பாலில் எனக்கு உயிர் என்றால் அது நியூயார்க் யாங்கீஸின் டான் மாட்டிங்லி, ஆனால் அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போக வேண்டியவரா என்று கேட்டால் தடுமாறுவேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க மாட்டிங்லிதான்.

கேள்வி: எனக்கு பேஸ்பால் தெரியாது. ஹால் ஆஃப் ஃபேம் என்றால் என்ன? யார் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள்? (மதுரை வாசகி)

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற அருங்காட்சியகத்தில், ஆட்ட வரலாற்றின் ஆகப் பெரிய ஆட்டக்காரர்களுக்கு வெண்கலப் பலகை வைப்பார்கள். 1936-ல் பேப் ரூத் உட்பட ஐந்து பேரோடு தொடங்கியது. குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழிய வேண்டும். அப்புறம் பத்து வருட அனுபவமுள்ள பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள், ஒரு சீட்டில் பத்துப் பெயர் வரை எழுதலாம், 75 சதவீதம் வந்தால் உள்ளே. அங்கே தவறியவர்களைப் பல வருடம் கழித்து 16 பேர் கொண்ட ஒரு கமிட்டி மறுபடி எடுத்துப் பார்க்கும், அதில் 12 ஓட்டு வேண்டும். மாட்டிங்லி எழுத்தாளர்களிடம் 15 வருடம் காத்திருந்தார். 2001-ல் முதல் தடவை கிடைத்த 28.2 சதவீதம்தான் அவர் எட்டிய உச்சம், 2015-ல் கடைசித் தடவை 9.1. அதன்பின் கமிட்டி. 2022 டிசம்பரில் 8 ஓட்டு, 2025 டிசம்பரில் 6.

கேள்வி: உயிர் என்கிறீர்கள், தடுமாறுவேன் என்கிறீர்கள். உங்கள் கையில் சீட்டு இருந்தால் போடுவீர்களா, மாட்டீர்களா? மழுப்பாமல் சொல்லுங்கள். (எடிசன், நியூ ஜெர்சி வாசகர்)

போடமாட்டேன். இதை எழுதவே கை வரவில்லை, அதனால் ஏன் கை வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984 முதல் 1989 வரை ஆறு சீசன் மாட்டிங்லி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் யாரும் அவரை இன்னொருவரோடு சேர்த்துப் பேசமாட்டார்கள். இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில் பையன், 1979-ல் புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் 19-வது சுற்றில் எடுக்கப்பட்டவர், அதாவது அணிகள் எல்லாம் நூற்றுக்கணக்கான பேரைப் பொறுக்கி முடித்த பிறகு யாங்கீஸ் கண்ணில் பட்டவர். 1984-தான் அவருக்கு முதல் முழு சீசன். அதன் கடைசி நாளன்று சொந்த அணியிலேயே இருந்த டேவ் வின்ஃபீல்டோடு பேட்டிங் சராசரிப் பட்டத்துக்குப் போட்டி. (சராசரி என்றால் வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்ந்தது. .300 என்றால் பத்துக்கு மூன்று.) காலையில் வின்ஃபீல்டு .341, மாட்டிங்லி .339. டெட்ராய்ட்டுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் வின்ஃபீல்டு நான்கு வாய்ப்பில் ஒரு ஹிட் அடித்தார், மாட்டிங்லி ஐந்தில் நான்கு. .343 சராசரியோடு பட்டம் மாட்டிங்லிக்கு. 23 வயது அவருக்கு.

அடுத்த வருடம் 35 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு மேலே வெளியே அனுப்பும் அடி), 145 ஆர்பிஐ (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்), இருக்கிற இரண்டு பெரிய லீகில் ஒன்றான அமெரிக்கன் லீகின் எம்விபி, அதாவது அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 1986-ல் 238 ஹிட், 53 டபுள் (ஒரே அடியில் இரண்டு பேஸ்), இரண்டுமே யாங்கீஸ் அணியின் ஒரு சீசன் சாதனை. ரூத், கெரிக், டிமாஜியோ, மேன்டில் எல்லாம் ஆடிய அணியில் சாதனை என்றால் யோசித்துப் பாருங்கள். 1987-ல் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் ஹோம் ரன். அதே வருடம் ஆறு கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஆறு தடவை பந்தை வெளியே அனுப்பினார். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவர் வாழ்நாளில் வேறு கிராண்ட் ஸ்லாமே கிடையாது, அந்த ஆறுதான் மொத்தம்.

இதையெல்லாம் விட என்னை மயக்கியது வேறு ஒரு கணக்கு. 1985-ல் 35 ஹோம் ரன் அடித்தவர் சீசன் முழுக்க ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறியது, 41 தடவை. 1986-ல் 31 ஹோம் ரன், 35 ஸ்ட்ரைக் அவுட். இன்றைக்கு 30 ஹோம் ரன் அடிப்பவர்கள் 150 தடவை பந்தைத் தொடாமல் திரும்புவது சர்வசாதாரணம், யாரும் ஏன் என்று கேட்பதுகூட இல்லை. மாட்டிங்லி முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கி, முன்கால் விரல்களை உள்பக்கமாகத் திருப்பி நிற்பார். பந்து கிட்டத்தட்ட கேட்சரின் கைக்குப் போய்விட்டது என்று தோன்றும்போது மட்டை அதைக் குறுக்கே வந்து சந்திக்கும். ஃபர்ஸ்ட் பேஸில் அவர் தடுப்பாட்டம் இன்னொரு அழகு. இடதுகைக்காரர் என்பதால் பந்தைப் பொறுக்கியதும் உடம்பைத் திருப்பாமலே செகண்ட் பேஸுக்கு எறிந்துவிடுவார், மற்ற வீரர்கள் தரையில் மோதி எகிறும்படி எறிந்த பந்துகளைக்கூட புழுதியோடு அள்ளிவிடுவார். தடுப்பாட்டத்துக்குத் தருகிற கோல்டு க்ளவ் விருது ஒன்பது முறை சும்மா வரவில்லை. 1986-ல் ஆள் பற்றாக்குறை வந்தபோது இடதுகைக்காரரான அவரைத் தேர்டு பேஸில் நிறுத்தினார்கள். அங்கிருந்து எறிய இடதுகைக்காரர் உடம்பையே திருப்ப வேண்டும், அதனால் மிக மிக அபூர்வமாகத்தான் அப்படிச் செய்வார்கள். அங்கிருந்தும் பிடித்து எறிந்தார்.

அப்புறம் முதுகு. 1987-லேயே தண்டுவடத்து டிஸ்க்கில் தொந்தரவு தொடங்கிவிட்டது. 1990-ல் .256 சராசரி, ஐந்தே ஹோம் ரன். அந்த வருடத்தோடு சேர்த்து ஓய்வு பெற்ற 1995 வரை ஆறு சீசனில் மொத்தம் 58 ஹோம் ரன், சராசரி .286. முதல் ஆறில் 160 ஹோம் ரன், .327. ஒரே ஆள்தான், ஒரே சட்டைதான், 23-ம் எண்தான், ஆனால் அந்தப் பழைய அடி வரவில்லை. பந்தை இழுத்து வலப்பக்க வேலிக்கு மேலே தூக்குகிற வேகத்தை முதுகு தாங்கவில்லை, அதனால் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு சிங்கிளும் டபுளுமாக ஒப்பேற்றினார். மொத்தக் கணக்கு 2153 ஹிட், 222 ஹோம் ரன், .307. ஃபர்ஸ்ட் பேஸ் என்பது அடித்து நொறுக்க வேண்டிய இடம். அந்த இடத்தில் கூப்பர்ஸ்டவுனில் இருப்பவர்களின் பக்கத்தில் 222 என்பது சின்ன எண்தான். எத்தனை பிரியம் இருந்தாலும் எண்ணைப் பெரிதாக்க முடியவில்லை.

கேள்வி: கர்பி பக்கெட் உள்ளே இருக்கிறாரே? அவர் எண்களும் மாட்டிங்லி எண்களும் அச்சு அசல் ஒன்றுதானே? (டல்லஸ் வாசகர்)

ஐயா, நீங்கள் தொட்டது என் ஆறாத புண்ணை.

மினசோட்டா ட்வின்ஸின் பக்கெட் 2304 ஹிட், 207 ஹோம் ரன், 1085 ஆர்பிஐ. மாட்டிங்லி 2153, 222, 1099. சராசரி மட்டும் பக்கெட்டுக்கு .318. இரண்டு பேரும் ஒரே வருடம், 2001-ல், முதல் முறையாகச் சீட்டில் வந்தார்கள். பக்கெட்டுக்கு 82.1 சதவீதம், முதல் முயற்சியிலேயே உள்ளே. அதே சீட்டில் 1984-ல் மாட்டிங்லியிடம் பட்டம் இழந்த வின்ஃபீல்டும் இருந்தார், அவரும் உள்ளே. மாட்டிங்லிக்கு 28.2. ‘டானி பேஸ்பால்’ என்று மாட்டிங்லிக்குப் பட்டப்பெயர் வைத்ததே பக்கெட்தான் என்று சொல்வதுண்டு, அதையும் சேர்த்து நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

பக்கெட் தகுதியில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவர் சென்டர் ஃபீல்டில் ஆடியவர், அது கடினமான இடம். 1987, 1991 என்று இரண்டு வேர்ல்டு சீரிஸ் கோப்பை (சீசன் முடிவில் இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர் அது), அதிலும் 1991-ன் ஆறாவது ஆட்டத்தில் வேலியில் மோதி ஒரு கேட்ச், 11-வது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன். அதற்கெல்லாம் மதிப்பு உண்டு. ஆனால் 82-க்கும் 28-க்கும் நடுவில் உள்ள தூரம் அதனால் மட்டும் வந்ததா? பக்கெட்டுக்கு க்ளௌகோமா வந்து ஒரு கண் பார்வை போய் 1996-ல் ஆட்டம் திடீரென்று நின்றுபோனது. அவர் சரிந்ததை யாரும் பார்க்கவில்லை, அதனால் நல்ல காலம் மட்டும் மனதில் நின்றது. டாட்ஜர்ஸின் பந்து வீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் கதையும் அப்படித்தான். முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் விலகினார், ஆறே பொன்னான வருடங்களை வைத்து 1972-ல் உள்ளே போனார். மாட்டிங்லியோ வலியோடு வேலைக்கு வந்துகொண்டே இருந்தார், 1991-ல் கேப்டன் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, ஆறு வருடம். அந்த ஆறு வருடம்தான் அவர் சராசரியைத் தின்றது. 1989-லேயே விலகியிருந்தால் புகழ் முழுசாக இருந்திருக்கும், ஆனால் பத்து சீசன் ஆகியிருக்காது, பெயரே சீட்டில் வந்திருக்காது! எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குக் கதவு இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, கோபத்தை வைத்துக்கொண்டு ஓட்டுப் போடலாமா என்று பார்த்தால், உடனே கீத் ஹெர்னாண்டஸ் நினைவுக்கு வருகிறார். அதே ஃபர்ஸ்ட் பேஸ், அதே காலம், அதே நியூயார்க், மெட்ஸ் அணி. 11 கோல்டு க்ளவ், 2182 ஹிட், இரண்டு வேர்ல்டு சீரிஸ் கோப்பை, 1979-ல் பங்கிட்டுக்கொண்ட எம்விபி. ஆட்டக்காரரின் மொத்தப் பங்களிப்பை ஒரே எண்ணில் சொல்கிற ‘வார்’ கணக்கில் மாட்டிங்லி சுமார் 42, பக்கெட் 51, ஹெர்னாண்டஸ் 60. அந்த ஹெர்னாண்டஸுக்கு எழுத்தாளர்களிடம் எந்த வருடமும் 11 சதவீதம்கூட வரவில்லை. மாட்டிங்லியை உள்ளே விட்டுவிட்டு இவரை வெளியே நிறுத்த என்னிடம் ஒரு காரணமும் இல்லை. யாங்கீஸ் ரசிகன் என்பதைத் தவிர.

கேள்வி: 2018 டிசம்பரில் ஹரால்டு பெயின்ஸை ஹால் ஆஃப் ஃபேமுக்கு எடுத்தார்களே, அதற்கு மாட்டிங்லி குறைந்தவரா? (சிங்கப்பூர் வாசகர்)

உச்சத்தில் இருந்தபோது பெயின்ஸை விட மாட்டிங்லி பல படி மேல். பெயின்ஸுக்கு எழுத்தாளர்கள் 6.1 சதவீதத்துக்கு மேல் தந்ததில்லை, கமிட்டி கூட்டிக்கொண்டு போனது. ஆனால் ஒரு முறை அளவுகோல் தாழ்ந்தது என்பதற்காக அதையே நிரந்தர அளவுகோலாக வைத்துக்கொண்டால், அடுத்து இருநூறு பேர் வரிசையில் நிற்பார்கள். என் ஆளை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: நல்ல மனிதர், ஊக்கமருந்துப் பேச்சில் அடிபடாத பெயர். அதற்காகவே ஓட்டுப் போடக்கூடாதா? (கோவை வாசகி)

ஓட்டு விதியில் நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம் எல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள் சகோதரி, ஆட்டத் திறமையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லி. ஆனால் நடைமுறையில் அந்த வரி ஆட்களை வெளியே நிறுத்தத்தான் பயன்பட்டிருக்கிறது. ஊக்கமருந்துப் பேச்சில் அடிபட்ட பேரி பாண்ட்ஸும் ரோஜர் க்ளெமென்ஸும் 2025 கமிட்டியில் ஐந்து ஓட்டுகூட வாங்கவில்லை. குணத்துக்காக ஒருவரை உள்ளே கொண்டுபோவதானால் அட்லாண்டாவின் டேல் மர்ஃபிதான் முதலில் போக வேண்டும், 1982, 1983 என்று அடுத்தடுத்து இரண்டு எம்விபி, 398 ஹோம் ரன், யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். அவருக்கும் 2025-ல் அதே 6 ஓட்டுதான்.

கேள்வி: எங்கள் டொரன்டோ ப்ளூ ஜேஸ் அணி உட்காரும் டக் அவுட்டில் அவரைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. 2025 வேர்ல்டு சீரிஸை ஜெயித்திருந்தால் கமிட்டி மனம் மாறியிருக்குமா? (ஸ்கார்பரோ வாசகர்)

மாறியிருக்கலாம். ஓட்டுப் போடுகிறவர்களும் மனிதர்கள்தான், வேர்ல்டு சீரிஸ் முடிந்து ஒரு மாதத்தில் கமிட்டி கூடியது.

இந்த மனிதரின் வேர்ல்டு சீரிஸ் ராசியைக் கொஞ்சம் பாருங்கள். யாங்கீஸ் 1981-ல் வேர்ல்டு சீரிஸ் ஆடியது, இவர் 1982-ல் வந்தார். 1994-ல் அமெரிக்கன் லீகிலேயே யாங்கீஸ்தான் முதலிடம், வேலைநிறுத்தம் வந்து சீசனே ரத்து. 1785 ஆட்டம் ஆடிய பிறகு, 1995-ல்தான் முதன்முதலாகப் ப்ளே ஆஃப். சியாட்டிலுக்கு எதிரான அந்தத் தொடரில் 24 வாய்ப்பில் 10 ஹிட், .417. யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் யாங்கீஸின் ரூபன் சியெரா ஹோம் ரன் அடித்துச் சமன் செய்ய, அடுத்து வந்த மாட்டிங்லியும் ஒன்று அடித்தார். கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் மைதானத்துக்குள் வீசியது, சியாட்டில் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) லூ பினெல்லா தன் ஆட்களை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். செய்தது தப்புதான். ஆனால் பதினான்கு சீசன் அந்தக் கூட்டமும் சேர்ந்துதான் காத்திருந்தது, அந்த ஹோம் ரன்னை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஐந்தாவது ஆட்டத்தில் 11-வது இன்னிங்ஸில் சியாட்டிலின் எட்கர் மார்டினெஸ் அடித்த டபுள் கதையை முடித்தது. மாட்டிங்லி போனார், 1996-ல் அவர் இடத்துக்கு அதே சியாட்டிலிலிருந்து டினோ மார்டினெஸ் வந்தார், யாங்கீஸ் கோப்பை வென்றது.

2025-ல் உங்கள் டொரன்டோவோடு, மேனேஜருக்கு வலதுகையான பெஞ்ச் கோச்சாக, வாழ்வில் முதல் முறை வேர்ல்டு சீரிஸ். எதிரே அவர் ஐந்து வருடம் மேனேஜராக இருந்த டாட்ஜர்ஸ். ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டொரன்டோ ஜெயிக்க இன்னும் இரண்டே அவுட் போதும். அப்போது ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தவர் மிகெல் ரோஹாஸ். டாட்ஜர்ஸில் அறிமுகமான வருடமும், அப்புறம் மயாமியில் பல வருடமும் மாட்டிங்லியின் கீழ் ஆடியவர்! 11-வது இன்னிங்ஸில் 5-4 என்று போய்விட்டது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் பெஞ்ச் கோச்சாகக் கிடைக்கிற ஒரு கோப்பைக்காகக் கூப்பர்ஸ்டவுன் கதவு திறந்திருந்தால் எனக்கு முழுத் திருப்தி வந்திருக்காது.

கேள்வி: ஆட்டக்காரர் கணக்கோடு மேனேஜர் கணக்கையும் கூட்டிப் பார்க்கலாமே? (சென்னை வாசகர்)

கூட்டிப் பார்ப்பது தப்பில்லை. கில் ஹாட்ஜஸை 2021-ல் தேர்ந்தெடுத்தபோது, ஆட்டக்காரராக அவர் அடித்த 370 ஹோம் ரன்னோடு 1969-ல் மெட்ஸுக்கு மேனேஜராகக் கோப்பை வாங்கித் தந்ததும் எல்லார் மனதிலும் இருந்தது. மாட்டிங்லி டாட்ஜர்ஸை 2013, 2014, 2015 மூன்று வருடமும் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 2020-ல் கோவிட் தாக்கி அணியில் பாதிப் பேர் படுத்துவிட்ட மயாமியை ப்ளே ஆஃப் வரை இழுத்துப் போய் அந்த வருடத்தின் சிறந்த மேனேஜர் விருது வாங்கினார். அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் டாட்ஜர்ஸ், மயாமி இரண்டையும் சேர்த்து 889 வெற்றி, 950 தோல்வி. ஹாட்ஜஸிடம் இருந்த அந்த ஒரு கோப்பை இவரிடம் இல்லை.

கேள்வி: நாளைக்கே எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? எதிர்ப்பீர்களா? (எடிசன் வாசகரின் இரண்டாவது கேள்வி)

எதிர்ப்பதாவது! அடுத்து இந்தக் காலத்து ஆட்டக்காரர்களைக் கமிட்டி எடுத்துப் பார்ப்பது 2028 டிசம்பரில். 2025-ல் ஜெஃப் கென்ட் 14 ஓட்டு வாங்கி உள்ளே போய்விட்டார், கார்லோஸ் டெல்காடோ 9 வாங்கி மாட்டிங்லிக்கு முன்னால் நிற்கிறார், ஆகவே வழி சுலபமில்லை. ஐந்துக்குக் கீழே போனால் அடுத்த முறை பெயரே வராது என்று புதிதாக ஒரு விதியும் இருக்கிறது, ஆறு வாங்கியதால் மாட்டிங்லி தப்பித்தார். 12 ஓட்டு வந்துவிட்டால் கூப்பர்ஸ்டவுனுக்கு நான் கட்டாயம் போவேன், 23-ம் எண் சட்டை போட்டுக்கொண்டு, முன் வரிசையில் இடம் கிடைக்குமா என்று பார்ப்பேன். என் சீட்டு அவருக்கு விழாது என்பது வேறு, அவர் மேடை ஏறும்போது நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது வேறு. அந்த நாள் வராமலே போனாலும் யாங்கீ ஸ்டேடியத்தின் மான்யுமென்ட் பார்க்கில் 1997 முதல் அவருக்குப் பலகை இருக்கிறது. கேப்டன், பணிவானவர், கண்ணியமானவர், என்றைக்கும் யாங்கீ என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. எடிசனிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம், ஆட்ட நாளில் கொஞ்சம் சீக்கிரம் போனால் உள்ளே விடுவார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள்.